காஸ்ட்ரிக் என்று அனுப்பினார்கள், விடியப் பிரேதம்: யாரைக் கேட்பது?

உப்புவெளியான்:
எங்கள் ஒழுங்கையில் ஒருவர் போன கிழமை காலமானார். வயது ஐம்பத்தெட்டு, கனகாலமாகச் சீனி வருத்தம். பின்னேரம் நெஞ்சுக்குக் கீழே எரிவு, உடம்பெல்லாம் வியர்வை, ஒரே களைப்பு. தனியார் இடமொன்றில் ஈசிஜி எடுத்து, “இதயத்தில் ஒன்றுமில்லை, காஸ்ட்ரிக்தான்” என்று குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விடியச் சாமம் ஆள் இல்லை. மரண விசாரணையில் மாரடைப்பு என்று வந்தது. சீனியும் வியர்வையும் சேர்ந்து வந்த ஒருவரை அனுப்பியது கவலையீனம் இல்லையென்றால் வேறென்ன?

உவர்மலை ராசா:
அண்ணை, கோபம் விளங்குகிறது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். முதல் ஈசிஜியில் ஒன்றும் காட்டாத மாரடைப்பு உண்டு. இதயத் தசை பழுதானால் வெளிவரும் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் ஏறுவதற்கும் சில மணி நேரம் பிடிக்கும். சீனி வருத்தக்காரருக்கு நரம்பு பழுதாகியிருந்தால் நெஞ்சுவலியே வராமல் போகலாம். அன்று நெஞ்செரிவு என்று வந்தவர்களில் அநேகம் பேருக்கு உண்மையிலேயே காஸ்ட்ரிக்காகத்தான் இருந்திருக்கும். இன்னொன்று, நம் ஆட்கள் முதலில் சோடா குடித்துப் பார்ப்பார்கள், பிறகு இஞ்சி, அதற்கும் பிறகுதான் டொக்டர்.

உப்புவெளியான்:
முதல் ஈசிஜியை நம்ப ஏலாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போ ஒரேயொரு ஈசிஜியோடு ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்? சோடா கதையை விடுங்கள், அவர் நேரத்துக்குத்தான் போனார்.

கிண்ணியா நானா:
நீங்கள் இருவரும் நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 2017இல் எங்கள் ஊரில் டெங்கு வந்தபோது பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் இலங்கை முழுக்க 1,86,000க்கு மேற்பட்ட நோயாளர், 400க்கு மேல் மரணம். இதில் பொல்லாத பகுதி காய்ச்சல் அடிக்கும் நாட்களல்ல, காய்ச்சல் இறங்கும் நேரம்தான். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வீட்டில் என்ன சொல்வோம்? “அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டுட்டு.” பிள்ளை வயிற்று வலி என்று சுருண்டு படுக்கும், சத்தி எடுக்கும், கை கால் குளிரும். களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கச் சொன்னால், காய்ச்சல்தான் இல்லையே என்று போகாமல் இருப்பவர்களும் இருந்தார்கள். இதில் டொக்டர் பிழையும் உண்டு. டெங்கில் இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும் வலிமருந்தான டைக்ளோபெனக்கைக் காய்ச்சலுக்கு எழுதிய புண்ணியவான்களும் இருந்தார்கள்.

வாட்டு மிஸி:
நானா சொன்னதைத்தான் தாதியாக நான் வாட்டில் கண்டிருக்கிறேன். டெங்குப் பிள்ளையின் டிக்கெட்டில், அதாவது கட்டிலடிக் குறிப்பேட்டில், பிரஷர் 100/85 என்று இருக்கும். மேலே நூறு இருப்பதைப் பார்த்து “பிரஷர் நல்லம்” என்று போய்விடுவார்கள். இரண்டுக்கும் இடையில் வெறும் பதினைந்து. அந்த இடைவெளி இருபதுக்கு இறங்கினாலே அது ஷொக், உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை. பிள்ளை அந்த நேரம் நன்றாகக் கதைத்துக்கொண்டும் இருக்கும், அதுதான் ஏமாற்றும். மற்றது மூச்சு. எந்த டிக்கெட்டை எடுத்தாலும் 20, 20, 20. எண்ணாமல் எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும், எல்லா மனிதரும் ஒரே கணக்கிலா மூச்சு விடுவார்கள்? கட்டிலடியில் ஒரு நிமிடம் முழுக்க நின்று எண்ண வேண்டும். இரவில் வாட்டு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு நிற்கும் மிஸிக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய செலவு. ஆனால் கிருமி இரத்தத்தில் பரவினாலும் சரி, நுரையீரல் பழுதானாலும் சரி, மற்றவை கெட முதல் பல நேரம் மூச்சுத்தான் கூடும். நோயின் பெயர் தெரியாமலே ஆள் ஆபத்தில் என்று கண்டுபிடிக்கலாம். மூச்சு, நாடி, பிரஷர், நினைவு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, கணக்கு ஏறினால் டொக்டரைக் கூப்பிடும் முறையை இங்கிலாந்தில் 2012இலேயே நாடு முழுவதற்கும் பொதுவாக வெளியிட்டுவிட்டார்கள்.

உவர்மலை ராசா:
மிஸி, புள்ளி போட்டால் பாதி வாட்டுக்கு மணி அடிக்கும். ஓடுவதற்கு ஆள் எங்கே? அடித்து அடித்துக் கடைசியில் ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

வாட்டு மிஸி:
அடிக்கட்டுமே தம்பி. இப்போது அடிக்காமல் இருப்பதால் யார் பிழைத்தார்கள்?

உப்புவெளியான்:
எல்லாம் சரி. ஆனால் ஆளில்லை, முறை இல்லை என்று பேசிப் பேசி, அன்று வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்ட டொக்டரை நைசாகக் கழற்றிவிடுகிறீர்கள். முறைமையின் பிழை என்றால் ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லை, நல்ல வசதி! அந்தத் துண்டில் மருந்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் போகும்? வியர்த்தால், மூச்சு இழுத்தால் 1990க்கு அடியுங்கள் என்று வாயாலாவது சொல்லியிருக்கலாம். அந்த அம்புலன்ஸ் இலவசம்தானே.

உவர்மலை ராசா:
அந்த வரி இல்லாதது பிழைதான், அதில் நான் வாதாடவில்லை. ஆனால் இரண்டாவது ஈசிஜிக்கு இருக்கச் சொன்னால் எத்தனை பேர் இருப்பார்கள்? கடைசி பஸ் போய்விடும், வீட்டில் பிள்ளைகள் தனிய, தனியார் இடமென்றால் பில் வேறு ஏறும். தங்கள் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர்களை மிஸி தினமும் பார்த்திருப்பா.

வாட்டு மிஸி:
பார்த்திருக்கிறேன். ஆனால் “பஸ் போகட்டும், இவருக்கு இன்றிரவு சாகிற ஆபத்து இருக்கிறது” என்று நேராகச் சொன்ன டொக்டரிடம் பஸ்ஸைப் பற்றிக் கதைத்த ஆளை நான் காணவில்லை. “எதற்கும் இருந்து பாருங்கள்” என்று இழுத்தால் யார்தான் இருப்பார்கள்?