சிங்கப்பூரில் முதல் மாதச் சம்பளம்: மூவருக்கும் சேம நிதிக் கணக்கு இடிக்கிறது, உதவுங்கள்

கோவை பம்புக்காரர்:
வணக்கம். பம்பு உதிரிபாகங்கள் விற்பதற்காகச் சிங்கப்பூரில் சிறு கம்பெனி பதிவு செய்து, மூன்று பேரை வேலைக்கு வைத்திருக்கிறோம். மூவரும் முப்பதைத் தாண்டாதவர்கள். இங்கே கோவையில் பி.எஃப். போடுகிற வழக்கப்படியே இரு பக்கமும் 12% என்று கணக்கிட்டேன்.

விற்பனையாளர் அந்த நாட்டுக் குடிமகன், சம்பளம் 3,500 டாலர். நான் போட்ட தொகை 840, சேம நிதி இணையதளம் 1,295 கேட்கிறது. அலுவலகப் பெண் சென்ற ஆண்டு இறுதியில்தான் நிரந்தரவாசி ஆனார், 2,800 டாலர். அவருக்கு 672 போட்டேன், 252 போதும் என்கிறது. இங்கிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) அனுப்பிய பொறியாளரின் எண்ணையே அது ஏற்கவில்லை. அவருடைய 6,500 டாலரில் 780 சேம நிதிக்கும் 650 வருமான வரிக்கும் பிடித்துக்கொண்டு, மீதியைப் போன மாதக் கடைசியில் கொடுத்துவிட்டேன். மற்ற இருவருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. இன்று தேதி 6. எங்கே தவறினேன்?

தேக்கா கணக்காளர்:
முதலில் பொறியாளர். வெளிநாட்டு ஊழியருக்கு மத்திய சேம நிதி கிடையாது. மாதாமாதம் வரி பிடிக்கும் முறையும் இங்கே இல்லை. அவர் வரியை அவரே கட்டுவார். நீங்கள் மார்ச் 1-க்குள் வருமான விவரப் படிவம் தர வேண்டும், அவ்வளவுதான். பிடித்த 1,430 வெள்ளியையும் (டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) உடனே திருப்பிக் கொடுங்கள். வேலை நியமனச் சட்டம் அனுமதிக்காத பிடித்தம் அது.

குடிமகனுக்கு 55 வயது வரை முதலாளி 17%, ஊழியர் 20%. ஆகவே உங்கள் பங்கு 595, அவர் பங்கு 700. கையில் 2,800 கிடைக்கும். ஊரில் 15,000 ரூபாய் வரம்போடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே 2026 ஜனவரி முதல் மாத ஊதிய வரம்பு 8,000 வெள்ளி, ஆகவே உங்களுக்கு முழுச் சம்பளத்துக்கும் கணக்கு.

மீனாட்சி, ஜூரோங்:
அந்தப் பெண்ணுக்கு 252 சரிதான். நிரந்தரவாசியான முதல் ஆண்டில் முதலாளி 4%, ஊழியர் 5%. இரண்டாம் ஆண்டில் 9-ம் 15-ம். மூன்றாம் ஆண்டு முதல் முழு விகிதம். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் அண்ணா. எனக்கு யாரும் சொல்லவில்லை. சம்பளம் ஏறாமலே கையில் வரும் பணம் குறைந்தபோது ஏதோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சேலத்து நண்பர்:
அந்த 650-ஐ வரிக்கென்று கம்பெனியிலேயே வைத்திருக்கலாமே? பொறியாளருக்கும் பாதுகாப்பு.

தேக்கா கணக்காளர்:
வேண்டாம் நண்பரே. அது அவர் உழைத்த பணம். அவர் வேலையை விட்டுப் போகும்போதுதான் வரிக்காகப் பணத்தை நிறுத்திவைக்கும் கடமை வருகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே வருவாய் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கோவைக்காரரே, இன்னொன்று: திறன் மேம்பாட்டுத் தீர்வை சம்பளத்தில் 0.25%, ஓர் ஆளுக்குக் குறைந்தது 2 வெள்ளி, அதிகம் 11.25. பாஸில் வந்தவருக்கும் உண்டு. உங்கள் மூவருக்கும் 8.75, 7, 11.25, ஆக 27 வெள்ளி. இதை ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போக வேண்டும், அதாவது நாளைக்குள். சேம நிதிக்கு 14-ஆம் தேதி வரை அவகாசம், தாண்டினால் மாதம் 1.5% வட்டி. விவரமான சம்பளச் சீட்டு 2016 முதல் கட்டாயம்.

கோவை பம்புக்காரர்:
பொறியாளருக்கு 1,430 அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தேன். வீட்டு வாடகை கட்ட நண்பரிடம் கடன் வாங்கியதாகச் சொன்னார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. மற்ற இருவருக்கும் புதிய சீட்டோடு சம்பளம் போய்விட்டது. சேம நிதியும் தீர்வையும் சேர்த்து 1,574 வெள்ளி இன்று மாலை கட்டுகிறேன். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தர நினைத்திருக்கிறோம். அதற்கும் சேம நிதி உண்டா?

மீனாட்சி, ஜூரோங்:
உண்டு அண்ணா, பாஸில் இருப்பவரைத் தவிர. குடிமகனுக்கு 17%-ஐயும், அந்தப் பெண்ணுக்கு அப்போதைய விகிதத்தையும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவையுங்கள்.