அம்மாவின் போனில் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒட்டினால் போதுமா?

வைகைக்கரை:
அம்மாவின் போன் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இப்போது பின்மூடி ஓரத்தில் பிரிந்து நிற்கிறது, மேசையில் வைத்துத் தட்டினால் பம்பரமாய்ச் சுற்றுகிறது. அம்மா அடுப்பு மேடையில்தான் சார்ஜ் போடுவார், ராத்திரியில் தலையணைக்கு அடியில். தெருமுனைக் கடையில் மூடியை அழுத்தி ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். சார்ஜ் நன்றாகவே நிற்கிறது. ஒட்டிவிடலாமா?

பழுதுமேசை:
ஒட்டாதீர்கள் தங்கச்சி. உடனே போனை அணைத்துவிடுங்கள், இனி சார்ஜரில் போடவே வேண்டாம்.

நான் போன் பழுது பார்க்கிறவன். இது பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளம். லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சூட்டிலும் வயதிலும் சிதைந்து வாயுவாகும். வெளியே போக வழியில்லாமல் பை உப்பிவிடும். அதை அழுத்தினால் உள்ளே தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய தாள் நசுங்கி ஷார்ட் ஆகலாம். அப்படி ஷார்ட் ஆகிவிட்டால் சூடு தானாகவே ஏறிக்கொண்டு போய்த் தீப்பிடிக்கலாம். 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்ப வாங்கினார்களே, அங்கேயும் கோளாறு பேட்டரிக்குள் ஏற்பட்ட ஷார்ட்தான்.

சார்ஜ் நிற்கிறதே என்று நம்பாதீர்கள், உப்பிய பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்கும். வீட்டில் கத்தி வைத்து நெம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். வெளியே வாங்கினால் பேட்டரி மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று இதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்.

கொங்குமணி:
புது பேட்டரி போட்டதும் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும் என்பார்கள். அப்போதுதான் உழைக்குமாம்.

பழுதுமேசை:
அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம் அண்ணே. லித்தியத்துக்குச் சுத்தமாகத் தீர்வது கெடுதல். அதைவிடக் கெடுதல், நூறு சதவீதம் ஏறிய நிலையில் சூட்டிலேயே கிடப்பது. அடுப்பு மேடை, வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு, தலையணைக்கு அடி, எல்லாம் ஒன்றுதான், சூடு இறங்க வழியில்லை. 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருந்தால் நல்லது. இப்போது பல போன்களில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே உண்டு.

வைகைக்கரை:
அணைத்துவிட்டேன் அண்ணா. போட்டோவெல்லாம் போய்விடுமோ என்று அம்மாவுக்குக் கவலை. பழைய பேட்டரியை என்ன செய்வது?

பழுதுமேசை:
பேட்டரி மாற்றினால் போட்டோ போகாது, அவை வேறு சிப்பில் இருக்கின்றன. பழையதைக் குப்பையில் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள். கழிவு பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ல் வந்த விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. போகும்வரை போனை மணல் போட்ட மண்சட்டியில், துணிமணி இல்லாத இடத்தில், மூடாமல் வையுங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுக் கொடுங்கள்.

வைகைக்கரை:
சிம் மாற்றியாயிற்று. போன் மொட்டைமாடிப் படிக்கட்டு நிழலில், மணல் சட்டியில் இருக்கிறது. இந்த மாடலுக்கு சர்வீஸ் சென்டரில் பேட்டரி இருப்பு உண்டாம், காலையில் கொண்டு போகிறேன்.