மறு: ‘சிவில் சொசைட்டி’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘குடிமைச் சமூகம்’ பாடநூலில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்வோம்.

‘சிவில் சொசைட்டி’ என்றால் அரசைச் சாராமல் மக்களே கூடிப் பொதுக்காரியம் பார்ப்பது. அதற்குக் ‘குடிமைச் சமூகம்’ பாடநூலில் சரி. நான் எழுதும் சூடான் கட்டுரைக்கு அது ஒட்டவில்லை. இங்கே வேலூரில் குடிமை என்றால் குடிமைப்பொருள் வழங்கல், குடிமைப்பணித் தேர்வு. இரண்டுமே சர்க்கார் சங்கதி. கட்டுரையைப் படித்த என் அண்ணி, “இது ரேஷன் ஆபீஸ் நடத்துறதா?” என்று கேட்டார்.

சூடானில் நடப்பது நேர்மாறு. 2023 ஏப்ரல் 15-இல் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். (விரைவு ஆதரவுப் படை) என்ற துணைப்படைக்கும் சண்டை மூண்டது. அரசாங்கம் கைவிட்ட தெருக்களில் இளைஞர்களே ‘அவசர உதவி அறை’களைத் தொடங்கினார்கள். தெருமுனையில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் பருப்பு வேகவைத்து, பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு ஊற்றுகிறார்கள். இவர்களில் பலர் 2019-இல் அதிபர் ஓமர் அல்-பஷீரின் ஆட்சி கவிழக் காரணமான போராட்டத்தின் தெருக்குழுக்களில் இருந்தவர்கள். ராணுவ ஆட்சி வேண்டாம் என்பதை அவர்கள் இன்னும் விடவில்லை. அதனால்தான் சண்டையிடும் இரு தரப்புமே இவர்களைப் பிடித்து அடைக்கிறது.

இந்த வேலைக்கு அவர்கள் புதுப்பெயர் தேடி அலையவில்லை. ‘நஃபீர்’ என்பது அங்கே பழைய ஊர்வழக்கு. அறுவடையோ வெள்ளமோ, ஊர் கூடிக் கைகொடுப்பது. நாமும் ஏற்கெனவே புழங்கும் சொல்லை எடுத்தால் என்ன?

‘சிவில் சமூகம்’ இலங்கையில் நன்றாகவே புழங்குகிறது. ஆனால் போர்க்காலத்தில் துப்பாக்கியும் சீருடையும் கொடுத்த துறைக்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்றுதான் பெயர். அதனால் அந்தச் சொல்லிலும் அரசு வாடை அடிக்கிறது.

போன வாரம் இங்கே மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் மன்னார்க்காரர் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பத்திரிகை படித்ததும், ஊர்ப்பிரச்சினை பேசியதும், இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குச் சமைத்துப் போட்டதும் ஊர்ச் சனசமூக நிலையத்தில்தான் (ஊர்ப் பொதுமன்றம் மாதிரி) என்றார். நான் தேடிய சிவில் சொசைட்டி முழுக்க ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறது!

ஆகவே என் பரிந்துரை: சனசமூகம். சனசமூக அமைப்பு, சனசமூகச் செயற்பாட்டாளர் என்று தடங்கலில்லாமல் நீள்கிறது. சனம் வடசொல் என்பீர்கள், தெரியும். எங்கள் நேதாஜி மார்க்கெட்டில் “சனம் ஏறிடுச்சு” என்று சொல்லாத ஆளே கிடையாது.

ஒன்றுதான் உறுத்துகிறது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது அந்தக் கட்டடத்தை மட்டும்தான் நினைவுபடுத்துமா? ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.