சிங்கப்பூரில் வீடு மாறும்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்: முதல்நாளே முடிக்க வேண்டிய வேலைகள்

லாரியில் போகும்போது ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ கெட்டுப்போனால், காரணம் பெரும்பாலும் முதல்நாள் வீட்டில் செய்யாமல் விட்ட வேலைதான். வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் மூவர்ஸ் தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவே. உள்ளே இருக்கும் தண்ணீரையும் ஆடும் பாகங்களையும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் வாஷிங் மெஷின். முன்பக்கம் கதவுள்ளதில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. துணி சுற்றும்போது மெஷின் நகராமல் இருக்க அதோடு கனமான கான்கிரீட் கட்டியும் பிணைந்திருக்கும். சாலையில் வேகத்தடை வந்தால் அத்தனை கனமும் சேர்ந்து குலுங்கி ஸ்பிரிங் கழலும், அதிர்வைத் தாங்கும் டேம்பர் முறியும். இதைத் தடுக்கத்தான் புது மெஷின் பின்னால் மூன்று நான்கு நீள போல்ட் முடுக்கி வருகிறது. ட்ரான்சிட் போல்ட் என்பார்கள். அவற்றைத் தேடி எடுத்து ஸ்பேனரால் திரும்ப முடுக்குங்கள். தொலைந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லி அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், வேறு மாடலின் போல்ட் பொருந்தாது. புது வீட்டில் மெஷினை ஓட்டும் முன் மறக்காமல் கழற்றிவிடுங்கள். போல்ட்டோடு ஸ்பின் ஓடினால் மெஷின் குதிக்கும், பேரிங் போய்விடும்.

மேல்கதவு மெஷினுக்குப் பொதுவாக இந்த போல்ட் கிடையாது. தொட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே நான்கு பக்கமும் பழைய துண்டுகளை இறுக்கமாகத் திணித்தால் போதும்.

குழாயை மூடி ஹோஸைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முன்பக்க மெஷினின் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதன் கீழே தட்டையான தட்டு வைத்து, ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். பம்பில் தேங்கிய தண்ணீர் கொட்டும். அதை விட்டுவிட்டால் லாரியில் சாயும்போது மின்பலகைமேல் தெறிக்கலாம்.

ஃபிரிட்ஜை முதல்நாள் காலையிலேயே காலிசெய்து அணைத்துவிடுங்கள். இட்லி மாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். ஐஸ் தானாக உருகட்டும், கத்தியால் சுரண்ட வேண்டாம். ஒரு ஓட்டை விழுந்தால் குளிரூட்டும் கேஸ் போய்விடும். பின்னால் கம்ப்ரஸருக்கு மேல் உள்ள தட்டில் தண்ணீர் நிற்கும், அதையும் துடையுங்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் உள்பக்கம் காயாமல் கதவை மூடினால் பூஞ்சணம் பிடித்துவிடும். கண்ணாடித் தட்டுகளைத் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

ஃபிரிட்ஜ் எப்போதும் நிமிர்ந்தே போக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும், அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் கம்ப்ரஸர் வறண்டு ஓடும். நிமிர்ந்து வந்ததென்றால் சில மணி நேரம் விட்டு சுவிட்சைப் போடுங்கள். படுத்து வந்திருந்தால் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

வழியையும் அளந்து பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு கதவுள்ள ஃபிரிட்ஜ் சுமார் 91 செ.மீ. அகலம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் இரும்பு கேட்டும் இடத்தை அடைக்கும். கேட்டைக் கழற்றலாம், அல்லது ஃபிரிட்ஜ் கதவுகளைக் கழற்றி, நிமிர்ந்தபடியே பக்கவாட்டாகத் திருப்பி நுழைக்கலாம். பழைய புளோக் சிலவற்றில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எத்தனை படி ஏற வேண்டும் என்று மூவர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாசலில் நின்று கூலி பேச வேண்டிவரும். காண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் நிர்வாக அலுவலகத்தில் லிஃப்டுக்குப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும், முன்பணமும் கேட்பார்கள்.

கேஸ் அடுப்பு தனி விஷயம். குழாய் கேஸும் சிலிண்டர் கேஸும் வேறு வேறு, கேஸ் வெளிவரும் முனையான நாசிலை மாற்றாமல் ஒன்றுக்கான அடுப்பை மற்றதில் இணைக்கக் கூடாது. உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

பழையது வேண்டாம் என்றால் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், தீ விபத்தில் அது வழியை மறிக்கும். நகர மன்றத்தில் சொன்னால் வந்து எடுத்துப்போவார்கள். புது ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள் என்றால் கொண்டுவரும் கடைக்காரர்களே பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும், 2021 ஜூலை முதல் அதுதான் விதி. ஆர்டர் போடும்போதே சொல்லிவையுங்கள்.