எம்340ஐ டெஸ்ட் டிரைவ்: ஓட்டுனவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே. வர்ற ஞாயித்துக்கிழமை மதுரையில பி.எம்.டபிள்யூ எம்340ஐ (M340i) காரை ஓட்டிப் பார்க்கப் போறேன். 3 லிட்டர், 6 சிலிண்டர், 374 குதிரைசக்தி. சின்ன வயசுல இருந்து ஆசைப்பட்ட இன்ஜின்.

ஆனா அப்பாவுக்கு இடுப்பு வலி. மேலூர்ல இருந்து அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். பக்கச்சுவர் உயரம் குறைஞ்ச ரன்-பிளாட் டயர்ல (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர்) அந்தச் சுவர் விறைப்பா இருக்கும், பள்ளம் நேரா முதுகுலதான் இறங்கும். விறைப்பை மாத்திக்கிற அடாப்டிவ் சஸ்பென்ஷனைக் கம்ஃபர்ட் மோட்ல போட்டா பின் சீட்ல நிஜமாவே வித்தியாசம் தெரியுதா? சக்கரம் ஒரு சைஸ் குறைச்சவங்க இருக்கீங்களா?

நத்தம் ரோடு பறக்கும் பாலத்துல இணைப்புகள் மேல ஓட்டிட்டு, ஒத்தக்கடை பக்கம் வேகத்தடையில ஏத்தலாம்னு இருக்கேன். அப்பாவையும் சேர்த்து நாலு பேரா உட்காரப் போறோம். ரெண்டு பேரோட ஓட்டினா வண்டியோட அடிப்பக்கம் தரையில தட்டுமான்னே தெரியாது. வேற எந்த ரோடு சரியா இருக்கும்?

இதே காரோட நீளமான வகை 330எல்ஐ-யும் (330Li) மனசுல இருக்கு. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவுல உள்ள நீளம்) 110 மி.மீ. கூட, கால் நீட்டலாம். ஆனா அதுல 4 சிலிண்டர்தான், மனசு கேக்க மாட்டேங்குது. ரெண்டையும் ஓட்டினவங்க, பெரியவங்களை வச்சு ஓட்டுறவங்க, சனிக்கிழமைக்குள்ள எழுதுங்க.