ஃபஸ் பெடல் கிட்டுக்கு ரிஸ்ட் ஸ்ட்ராப் அவசியமா?

தந்திமீட்டி:
முதன்முதலாக ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி) கிட் ஒன்றைச் சேர்க்கப் போகிறேன். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்: இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர். ஸ்டேடிக்கால் பாகங்கள் கெடும், அதை உடம்பிலிருந்து எர்த்துக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாயம் என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. நிஜமாகவே வேண்டுமா?

ஈயக்கம்பி:
வேண்டாம். ஜெர்மேனியத்துக்கு எமன் சால்டரிங் அயர்ன்தான். டிரான்சிஸ்டரின் காலை ஒட்ட நறுக்கிவிட்டுச் சூட்டை அதிக நேரம் ஏற்றினால் போச்சு. விரலால் பிடித்துக்கொண்டே மீட்டரில் பாருங்கள், அந்த வெதுவெதுப்புக்கே லீக்கேஜ் (உள்ளே கசியும் கரண்ட்) கூடி, கெயின் எண், அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, ஏறிக்கொண்டே போகும். அவ்வளவு நுணுக்கமான சாமான். முதலில் சாக்கெட்டைச் சால்டர் செய்யுங்கள். பலகை ஆறிய பிறகு டிரான்சிஸ்டரைச் செருகுங்கள். ஸ்ட்ராப் வாங்கும் காசை நல்ல சாக்கெட்டில் போடலாம்.

மில்லிவோல்ட்:
சாக்கெட் விஷயம் சரி. ஆனால் ஸ்டேடிக்கை இப்படித் தள்ளிவிடுவதை ஏற்க மாட்டேன். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறதே, அதை நாம் உணரவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை. ஃபஸ்ஸில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போடுகிறவர்களும் உண்டு. அதன் பேஸ், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் ஜங்ஷன், வோல்டேஜ் தலைகீழாக வந்தால் (ரிவர்ஸில்) ஆறேழு வோல்ட்டிலேயே பிரேக்டவுன் ஆகும். அப்படி அடி வாங்கியது உடனே சாகாது, கெயின் குறைந்து இரைச்சல் கூடும். சிக்னலைத் தாறுமாறாகப் பெருக்கும் சர்க்யூட்டில் அந்த உஸ்ஸ் சத்தமும் சேர்ந்துதான் பெருகும்.

ஈயக்கம்பி:
நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபஸ் இரைகிறது என்று வருகிறவர்களிடம் பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்: லீக்கேஜ் அதிகமான ஜெர்மேனியம், சரியாக உருகாத ஈயம், ஷீல்டு இல்லாத இன்புட் ஒயர். புதிதாக வருகிறவர் ஸ்டேடிக்கை நினைத்துப் பயந்துகொண்டு ஜாயின்டைக் கவனிக்காமல் விடுகிறார். எனக்கு அதுதான் கவலை.

மில்லிவோல்ட்:
இன்றைக்கு ஃபஸ் ஃபேஸ், அடுத்து அவர் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் பெடல் கட்டுவார். அதில் பிஎஸ்170 மாஸ்ஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கும். அதன் கேட், சோர்ஸ் என்ற கால்களுக்கு நடுவே 20 வோல்ட்தான் வரம்பு. மீறினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு பொத்துக்கொள்ளும், திரும்ப வராது. மாஸ்ஃபெட்டுகளாலேயே ஆன சிமாஸ் ஐசியும் அந்த ஜாதிதான். பழக்கத்தை முதல் கிட்டிலேயே பிடிப்பது நல்லது.

ஈயக்கம்பி:
மாஸ்ஃபெட் என்றால் நானும் ஸ்ட்ராப் கட்டுவேன், அதில் சண்டை இல்லை. இந்தக் கிட்டுக்கு, எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும் என்பதில் மாற்றமில்லை.

பழைய_ஆம்ப்:
ஸ்ட்ராப் கட்டுவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெறும் ஒயரைக் கையில் சுற்றி எர்த்தில் மாட்டிவிடாதீர்கள். முறையான ஸ்ட்ராப்பில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். மறு கை தவறிப்போய் கரண்டில் பட்டால் உயிரைக் காப்பது அதுதான். வால்வு ஆம்ப்பைத் திறந்து ஆனில் வைத்துப் பார்க்கும்போது ஸ்ட்ராப்பே கூடாது.

தந்திமீட்டி:
சரி, இந்த முறை உலோகத்தைத் தொட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன், சாக்கெட்டும் போடுகிறேன். டிரான்சிஸ்டர் சாதாரண பிளாஸ்டிக் பையில்தான் வந்திருக்கிறது. பரவாயில்லையா?

மில்லிவோல்ட்:
ஜெர்மேனியத்துக்குப் பரவாயில்லை. தெர்மாகோலில் மட்டும் குத்தி வைக்காதீர்கள்.

ஈயக்கம்பி:
டிரான்சிஸ்டர் பிஎன்பி வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் பாசிட்டிவ் கிரவுண்டு, அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் கிரவுண்டில் சேரும். பேட்டரியில் ஓட்டுங்கள். மைனஸ் முனை கிரவுண்டில் இருக்கும் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும்.