முடக்குவாத வீக்கத்துக்கு மீன் எண்ணெய் மாத்திரை: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதத்துக்காக நான்கு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்கிறார். ஆனாலும் காலையில் ஒரு மணி நேரம் வரை விரல்களை மடக்க முடியாமல் தவிக்கிறார். தாங்காத நாள்களில் வலிமாத்திரை போட்டுவிட்டு வயிற்றெரிச்சலால் அவதிப்படுகிறார். மீன் எண்ணெய் இயற்கையானது, அதைச் சாப்பிட்டால் மற்ற மருந்துகளை நிறுத்திவிடலாம் என்று சொல்லி உறவினர் ஒருவர் ஒரு புட்டி மாத்திரை கொடுத்திருக்கிறார். இது உண்மையா? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு மாத்திரைதான் சாப்பிட வேண்டுமா?

பதில் 1 (ராயபுரம், மருந்தாளுநர்)

சகோதரி, மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்கும் மருந்து அது. மீன் எண்ணெய் அதற்கு மாற்றாகாது. ஆனால் துணையாக அதற்கு இடமுண்டு. நம் செல்களின் சவ்வில் இருக்கும் அராக்கிடோனிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பிலிருந்துதான் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் நொதியைத்தான் வலிமாத்திரைகள் தடுக்கின்றன. மீன் எண்ணெயில் உள்ள ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 அமிலங்கள் அதே சவ்வில் சிறிது சிறிதாக இடம்பிடிக்கின்றன. குறிப்பாக ஈ.பி.ஏ. அதே நொதிக்குப் போட்டியிடுவதால், வீரியம் குறைந்த பொருள்கள் உருவாகின்றன. சவ்வு மாறுவதற்கு நாள் பிடிக்கும் என்பதால், வலிமாத்திரையைப் போல அன்றே பலன் தெரியாது. இரண்டு மூன்று மாதங்களாவது ஆகும்.

அளவில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முடக்குவாத ஆய்வுகளில் காலை இறுக்கமும் வலிமாத்திரைத் தேவையும் குறைந்தது, பெரும்பாலும் இவ்விரு அமிலங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 2.7 கிராம் அல்லது அதற்கு மேல் கொடுத்தபோதுதான். 1000 மி.கி. என்று பெரிதாக அச்சிட்ட சாதாரண மாத்திரையில் பொதுவாக 180 மி.கி. ஈ.பி.ஏ.வும் 120 மி.கி. டி.எச்.ஏ.வும் இருக்கும், மீதி வேறு கொழுப்பு. அந்தக் கணக்கில் நாளுக்கு ஒன்பது மாத்திரை வேண்டும். இவ்வளவை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அம்மா ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று அவர் பார்க்க வேண்டும். அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு சற்றுக் கூடுவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

ஈரல் எண்ணெய் வேறு, மீன் எண்ணெய் வேறு என்பதையும் கவனியுங்கள். ஈரல் எண்ணெயை இந்த அளவுக்குக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் தேங்கி ஈரலையே கெடுக்கும்.

பதில் 2 (காசிமேடு)

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மீன் விற்கிறது. விருந்தென்றால் வஞ்சிரமும் வவ்வாலும் கேட்பவர்கள் மத்தியை ஏழை மீன் என்று ஒதுக்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது, ஏனெனில் இந்த ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் நிறைய இருக்கிறது. நூறு கிராம் மத்தியில் ஏறத்தாழ ஒரு கிராம் கிடைக்கும். பருவத்துக்கேற்ப அது கூடும், குறையும். எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பாக வைத்துக் கொடுங்கள், கொழுப்பு குழம்பிலேயே தங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருந்தாலும், பைபர் படகுகள் கரையோரம் சென்று இவற்றைக் கொண்டுவரும். சிறிய மீன்கள் என்பதால், சுறா போன்ற பெரிய மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசமும் இவற்றில் சேர்வதில்லை.

பதில் 3 (வியாசர்பாடி)

எனக்கும் இதே நோய்தான். மருத்துவர் ஒப்புதலோடு, மற்ற மருந்துகளை விடாமல், மீன் எண்ணெயும் எடுத்தேன். நான்காம் மாதத்தில்தான் தினசரி வலிமாத்திரை வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. மணிக்கட்டு வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. புட்டியை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அது காட் மீனின் ஈரல் எண்ணெய். ஒதுக்கி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மருத்துவரிடம் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுகிறேன். நாளை மத்திக் குழம்பு.